ஏலப்பாறை: மூன்று சாவியும் ஒரே கையில்

கணக்கு முடிக்கிற மாதம், அலுவலகத்தில் ஆணி அதிகம், அதனால் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை. இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். சொல்லப் போவதும் டீக்காரர்கள் கதைதான்.

நான் வங்கியில் வேலை பார்க்கிறவன் என்று தெரிந்ததும், இங்கே வளைகுடாவில் நம் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவு சேர்த்தால் ஊருக்குத் திரும்பலாம் சார்?" என்பதுதான். கொஞ்ச நேரம் பேசினால் கேள்விக்குப் பின்னால் இருப்பது வெளியே வரும். சர்க்கரை ஏறியிருக்கிறது. முதுகு வலிக்கிறது. பையன் எட்டாவது போய்விட்டான், அவனோடு சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம் தேறாது. "இன்னும் ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டா..." என்று இழுப்பார்கள். அந்த ரெண்டு வருஷம் எப்போதுமே ரெண்டு வருஷமாகவே இருக்கும்.

வேலை, பணம், உடம்பு மூன்றையும் தராசில் சமமாக வைப்பது எப்படி என்று சுயமுன்னேற்றப் புத்தகங்கள் நிறையவே சொல்கின்றன. விடியற்காலையில் எழு, நடை போ, செலவை எழுது, மனதை அடக்கு. எல்லாம் நல்லதுதான். ஆனால் மனதை அடக்கினால் மட்டும் இது நடக்குமா என்று எனக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகத்தை எனக்குத் தந்தது ஏலப்பாறை.

எங்கே இருக்கிறது இந்த ஊர்?

இடுக்கி மாவட்டம், பீர்மேடு தாலுகா. குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை போகிற சாலையில் வரும். பக்கத்திலேயே வாகமண். பெயரில் ஏலம் இருந்தாலும் ஊரைச் சுற்றித் தேயிலைதான். ஏலக்காட்டுக்கு வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் போக வேண்டும். எங்கள் அம்மா வழிச் சொந்தக்காரர்கள் சிலர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி வழியாக இந்த மலைக்கு வேலைக்கு ஏறியவர்கள். அதனால் சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்த ஊர் இது.

திருவிதாங்கூர் சமஸ்தானமாக இருந்த காலத்தில், 19-ஆம் நூற்றாண்டில், வெள்ளைக்கார துரைமார் பீர்மேடு மலையில் முதலில் போட்டது காபி. இலைத்துரு நோய் வந்து காபி அழிந்த பிறகு தேயிலைக்கு மாறினார்கள். தேயிலைக்கு ஆள் நிறைய வேண்டும். வருடம் முழுக்க, வாரம் தவறாமல் கொழுந்து கிள்ள வேண்டும். அந்த ஆட்கள் மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்து வறண்ட ஊர்களிலிருந்து வந்தார்கள். 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று பெரிய கோரிக்கை எழுந்ததற்கும் இந்த மக்கள்தொகைதான் காரணம். அது நடக்கவில்லை, இரண்டும் கேரளத்திலேயே நின்றன. 1972-ல் இடுக்கி மாவட்டம் உருவானது.

அரசியலை இத்தோடு விடுவோம். நமக்கு வேண்டியது கணக்கு.

முதல் சாவி: கடன்

மலைக்கு ஆள் கொண்டுவந்தவர் கங்காணி. தோட்டத்தில் பணம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவார். மழை பொய்த்த வருடம், வீட்டில் கல்யாணம், பழைய கடன் என்று நெருக்கடியில் இருக்கிற குடும்பங்களுக்கு முன்பணம் கொடுப்பார். குடும்பமே மலையேறும். வழிச்செலவு, கம்பளி, அரிசி எல்லாம் அந்தக் குடும்பத்தின் பற்றில் ஏறும். வரவு வருடக் கடைசியில் 'கணக்குத் தீர்க்கும்போது'தான் தெரியும். நடுவில் கைச்செலவுக்குக் கொஞ்சம், மீதி எல்லாம் கணக்கில்.

பி.காம். முதல் வருடத்தில் சொல்லிக் கொடுப்பார்களே, பற்றும் வரவும் இரண்டு பக்கமும் தெரிய வேண்டும் என்று. இங்கே இரண்டு பக்கத்தையும் எழுதியவர் வேறு, அதற்கு உழைத்தவர் வேறு. வட்டி எவ்வளவு, கழித்தது எவ்வளவு என்று பெரும்பாலான தொழிலாளிக்குப் படிக்கவே தெரியாது. வருடக் கடைசியில் கணக்கு நேராகவில்லை என்றால் அடுத்த வருடமும் அதே மலைதான்.

கங்காணிக்கு வருமானம், அவர் ஆட்கள் வேலைக்கு வந்த நாட்களை வைத்து வந்த கமிஷன். அதாவது ஒருத்தர் காய்ச்சலில் படுத்தால் கங்காணிக்கும் நஷ்டம். அந்தக் காலத்து மலையில் மலேரியா சாதாரணம். படுத்திருக்கிறவரை எழுப்பி வேலைக்கு அனுப்புவதில் கங்காணிக்கு லாபம் இருந்தது. ஓய்வு எடுப்பது தொழிலாளியின் முடிவாக இல்லாமல் போனதற்கு இதுவே காரணம். கங்காணி கெட்டவரா நல்லவரா என்பது இரண்டாவது கேள்வி. கணக்கு அமைந்த விதமே அப்படி.

சட்டமும் அந்தப் பக்கம்தான் நின்றது. முன்பணம் கைமாறிய மதுரை, திருநெல்வேலி ஊர்கள் பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தன. அங்கே 1859-ல் ஒப்பந்த மீறல் சட்டம் என்று ஒன்று வந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால், பணத்தைத் திருப்பித் தரவோ வேலையைச் செய்யவோ மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அதையும் மீறினால் மூன்று மாதம் வரை சிறை. பாருங்கள், கொடுக்கல் வாங்கல் தகராறு, ஆனால் தண்டனை உடம்புக்கு. 1925-ல்தான் இந்தச் சட்டம் ரத்தானது.

இலங்கை மலையகத்தில் இதற்கு 'துண்டு' என்று பெயர். தொழிலாளி எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்று எழுதிய சீட்டு. அந்தக் கடனை இன்னொரு கங்காணி அடைத்தால் ஆள் அந்தத் தோட்டத்துக்குப் போவார், கடனும் கூடவே போகும். அங்கே 1921-ல் துண்டு முறை ஒழிந்தது. வால்பாறைப் பக்கம் நடந்ததைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், அங்கே டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலைப் படியுங்கள். இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழிலும் இருக்கிறது.

இரண்டாவது சாவி: வீடு

தோட்டத்து வீட்டுக்கு 'லயம்' என்று பெயர். ஒரே வரிசையில், ஒரே கூரையின் கீழ், குடும்பத்துக்கு ஓர் அறை, ஒரு சமையல் இடம். வாடகை கிடையாது. நல்ல விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் வேலை இருக்கும் வரைதான் வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும், அல்லது வீட்டில் இன்னொருவர் தோட்டத்தில் பெயர் கொடுக்க வேண்டும். கூரையைக் காப்பாற்றுவதற்காகவே மகளோ மருமகளோ கொழுந்துக் கூடையை எடுத்த குடும்பங்கள் இந்த மலைகளில் ஏராளம். படிப்பை நிறுத்தியது வறுமை என்று சொல்வோம். அந்த வறுமைக்குள் ஒரு வீட்டுச் சாவியும் இருந்தது.

அந்த வீடு எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் தொழிலாளி தீர்மானிக்க முடியாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 பேர் போனார்கள். அந்தப் பட்டியலில் ஒரே குடும்பத்துப் பெயர்கள் வரிசையாக இருந்ததைப் பலர் படித்திருப்பீர்கள்.

சட்டம் உடம்பைக் கணக்கில் எடுத்தது

இந்த நிலை தானாக மாறவில்லை. 1946-ல் டி.வி. ரெகே, இந்தியத் தோட்டத் தொழிலாளர் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அடுத்த வருடம் மேஜர் லாயிட் ஜோன்ஸ் என்ற டாக்டர், தோட்ட மருத்துவ வசதிகளைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். தொழிற்சங்கங்களும் வளர்ந்தன. 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தை ஒரு வங்கிக்காரன் கண்ணோடு படித்தால் சுவாரசியமாக இருக்கும். வாரத்துக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது (முதலில் 54, 1981 திருத்தத்துக்குப் பிறகு 48). வாரம் ஒரு நாள் ஓய்வு. 20 நாள் வேலை செய்தால் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு. நோய்க்காலத்துக்கும் பிரசவத்துக்கும் படி. 50 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் இடம். வீடு, ஆஸ்பத்திரி, குடிதண்ணீர்.

இதையெல்லாம் முதலாளியின் கருணை என்ற தலைப்பிலிருந்து எடுத்துச் செலவுத் தலைப்பில் எழுத வைத்தது அந்தச் சட்டம். அதுவரை உடம்பு தேய்ந்தால் அது தொழிலாளியின் சொந்த நஷ்டம். அதற்குப் பிறகு, ஓய்வும் உற்பத்திச் செலவில் ஒரு பகுதி. எழுதியபடி எல்லாம் நடந்ததா என்று கேட்டால், இல்லை. ஆனால் கேட்பதற்கு ஒரு காகிதம் கிடைத்தது. கங்காணி முறையும் மெல்ல மறைந்தது. (இந்தச் சட்டம் இப்போது தனியாக இல்லை. 2020-ல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது.)

மூன்றாவது சாவி: நாளைக்கு வர வேண்டிய பணம்

பிராவிடண்ட் ஃபண்ட் சட்டம் 1952-ல் வந்தது, கிராஜுவிட்டி சட்டம் 1972-ல். கிராஜுவிட்டி கணக்கு எளிது: வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். 30 வருடம் கொழுந்து கிள்ளிய ஓர் அம்மாவுக்கு 450 நாள் சம்பளம் வர வேண்டும். மகள் கல்யாணம், ஊரில் நாலு சென்ட் நிலம், முழங்கால் வைத்தியம், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு தொகையைத்தான் நம்பியிருப்பார்கள்.

1991-ல் சோவியத் யூனியன் உடைந்தது. இந்தியத் தேயிலைக்குப் பெரிய வாடிக்கையாளர் அதுதான். 90களின் கடைசியில் ஏல விலை விழ ஆரம்பித்தது. மலையில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவருக்கு மாஸ்கோவில் என்ன நடந்தது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. பீர்மேடு மலையில் தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளாட, 2000-ல் பீர்மேடு டீ கம்பெனியின் தோட்டங்கள் மூடப்பட்டன. வேறு சில தோட்டங்களும் அந்த வருடங்களில் கைவிடப்பட்டன.

அன்றைக்கு என்ன நடந்தது என்று யோசியுங்கள். சம்பளம் நின்றது. தோட்ட ஆஸ்பத்திரி நின்றது. லயத்தைப் பழுது பார்க்க ஆள் இல்லை. வர வேண்டிய கிராஜுவிட்டி நிலுவையில் போனது. எல்லாம் ஒரே நேரத்தில். ஏனென்றால் எல்லாச் சாவியும் ஒரே கையில் இருந்தது, அந்தக் கை விலகிவிட்டது.

அந்த மக்கள் சும்மா உட்காரவில்லை. தேயிலைச் செடிகளைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்துக்கொண்டு, கொழுந்து கிள்ளி வெளியே விற்றார்கள். ஜீப் ஏறி ஏலக்காட்டுக்குக் கூலிக்குப் போனார்கள். பிள்ளைகள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று இறங்கினார்கள். மூடிய தோட்டங்களின் நிலுவைக்காக 2006-ல் சர்வதேச உணவு, விவசாயத் தொழிலாளர் சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. கேரளம் உட்பட நான்கு மாநிலத் தோட்டங்கள் அந்த வழக்கில் வந்தன. 2010-ல் நிலுவையைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அதன் பிறகும் வழக்கு பல வருடம் நீண்டது. 450 நாள் சம்பளத்துக்காகக் காத்திருந்தே கண்ணை மூடியவர்கள் உண்டு.

2015: பெண்கள் போட்ட கணக்கு

அதே இடுக்கி மாவட்டத்தில், மூணாறில், 2015 செப்டம்பரில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். போனஸ் 10 சதவீதம் என்று அறிவிப்பு வந்ததும் கண்ணன் தேவன் தோட்டப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ், 500 ரூபாய் நாள் சம்பளம் என்பது கோரிக்கை. பேச வந்த சங்கத் தலைவர்களையும் அரசியல்வாதிகளையும் திருப்பி அனுப்பினார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று பெயர். ஒன்பது நாள். போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது.

சம்பளப் பேச்சு அடுத்த மாதம் முடிந்தது. 232 ரூபாய் 301 ஆனது. கிட்டத்தட்ட 30 சதவீத உயர்வு, செய்தியில் அப்படித்தான் வந்தது. ஆனால் கூடவே இன்னொரு எண்ணும் மாறியது. ஒரு நாளைக்குக் கிள்ள வேண்டிய அளவு 21 கிலோவிலிருந்து 25 கிலோ.

கால்குலேட்டரை எடுங்கள். முன்பு 232-ஐ 21-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 11 ரூபாய் 5 பைசா. பிறகு 301-ஐ 25-ஆல் வகுத்தால் 12 ரூபாய் 4 பைசா. கிலோ கணக்கில் உயர்வு வெறும் 9 சதவீதம். மீதி உயர்வைத் தோளும் முதுகும் சுமந்த கூடுதல் 4 கிலோ சம்பாதித்தது. தினமும் 4 கிலோ, சரிவில், அட்டைக்கடியில், மழையில்.

சம்பள உயர்வு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்த 69 ரூபாய் அந்த வீடுகளுக்கு எவ்வளவு பெரியது என்று தெரியும். சம்பளம் எவ்வளவு ஏறியது என்று மட்டும் பார்த்தால் பாதிக் கணக்குதான் தெரியும் என்கிறேன். அதற்கு உடம்பு எவ்வளவு கொடுத்தது என்று பக்கத்தில் இன்னொரு கட்டம் போட வேண்டும். நமக்கும் அதேதான். பதவி உயர்வில் 15 சதவீதம் ஏறியிருக்கும். வேலை நேரம் எட்டிலிருந்து பத்து மணி ஆகியிருக்கும். 115-ஐ 10-ஆலும் 100-ஐ 8-ஆலும் வகுத்துப் பாருங்கள். 11.5-க்கு எதிராக 12.5. மணிக்கணக்கில் உங்கள் சம்பளம் குறைந்திருக்கிறது!

நம் கையில் எத்தனை சாவி?

"நாங்கள் கொழுந்து கிள்ளவில்லையே, ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கிறோம்" என்று சொல்லலாம். சம்பளத்தில் ஒப்பிட முடியாது, உண்மைதான். அமைப்பில் ஒப்பிடலாம். வேலை போனால் விசா போகும், விசா போனால் வீடு போகும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும். ஊரில் வாங்கிய வீட்டுக்கடன் இந்தச் சம்பளத்தை நம்பித்தான் ஓடுகிறது. வேலையை விட்டால் வர வேண்டிய பணிக்கொடையும் அதே கம்பெனியில்தான் இருக்கிறது. இந்த நிலையில் மேலாளர் இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டால் எடுக்காமல் இருக்க முடியுமா? மனதை அடக்கச் சொல்லிப் பயனில்லை. சாவிகளைப் பிரிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த சில வழிகள்:

ஒன்று, முன்பணக் கடனை முதலில் அடைப்பது. வேலைக்கு வருவதற்காக ஏஜெண்டிடமோ சொந்தக்காரரிடமோ வாங்கியது, நகை அடகு, எல்லாம் இதில் சேரும். இது தீரும் முன் ஊரில் மாடி கட்டாதீர்கள். மாடி கட்டினால் இன்னொரு 'துண்டு' எழுதிக்கொண்டதாக அர்த்தம்.

இரண்டு, ஆறு மாதச் செலவுக்கான பணம், சம்பளம் வருகிற இடத்தோடு சம்பந்தமில்லாத கணக்கில், வீட்டுக்காரம்மா பெயரும் சேர்த்து இருக்கட்டும். இந்தப் பணத்துக்கு வட்டி குறைவு என்று வருத்தப்படாதீர்கள். "முடியாது" என்று ஒரு நாள் சொல்ல வேண்டி வந்தால் அதற்கான தைரியம் அங்கேதான் இருக்கிறது.

மூன்று, பணிக்கொடையைக் கணக்கு போட்டு எழுதி வைத்திருங்கள். அமீரகத்தில் இருப்பவர்களுக்கு, முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள், அதற்குப் பிறகு வருடம் 30 நாள் அடிப்படைச் சம்பளம். மொத்தச் சம்பளத்தில் போட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம், அடிப்படைச் சம்பளத்தில்தான். கைக்கு வரும் வரை அதை எந்தச் செலவுக்கும் ஒதுக்காதீர்கள். பீர்மேடு மலை சொல்லிக் கொடுத்த பாடம் இது.

நான்கு, விடுப்பு. அதுவும் சம்பளம்தான், பணமாக வராமல் நாளாக வருகிறது. இருபது நாளைக்கு ஒரு நாள் என்பதைச் சட்டத்தில் எழுத வைக்கவே அந்த மலையில் இரண்டு மூன்று தலைமுறை ஆயிற்று. நமக்கு அது சும்மா கிடைத்த மாதிரி இருப்பதால் சேர்த்து வைத்துக் காலாவதியாக விடுகிறோம். சேர்த்துப் பணமாக வாங்குகிறவர்களும் உண்டு. வருடம் ஒரு முறை, பிள்ளைகள் விடுமுறையோடு ஒட்டி, முழுதாக எடுத்துவிடுங்கள்.

ஐந்து, ஒன்றாகக் கேட்பது. மூணாறில் ஒரு பெண் மட்டும் போய் நின்றிருந்தால் அடுத்த நாள் வேறு மலைக்கு மாற்றியிருப்பார்கள். இங்கே சங்கம் கிடையாது, தெரியும். ஆனால் ஒரே பிரிவில் இருக்கிற நாலு பேர் தங்கள் வேலை நேரத்தையும் சம்பளத்தையும் ஒருவரிடம் ஒருவர் மறைக்காமல் பேசிக்கொண்டால்கூட போதும், கணக்குப் புத்தகத்தின் மறுபக்கம் தெரிய ஆரம்பிக்கும். கங்காணியின் பலம் அந்தப் பக்கம் யாருக்கும் தெரியாமல் இருந்ததில்தான்.

வரும் விடுமுறை நாளில் வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு தாளை எடுங்கள். கடன் யாரிடம், கூரை யாருடையது, நாளைய பணம் எங்கே என்று மூன்று வரி எழுதுங்கள். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால், முதலில் எதைப் பிரிக்கலாம் என்று பேசுங்கள். உடற்பயிற்சி, யோகா எல்லாம் அடுத்த நாள் காலையில் ஆரம்பித்துக்கொள்ளலாம்.